இந்தக் கீரை எந்தக் குடும்பம்? ஆசியக் காய்கறிகளை அடையாளம் காணவும் சமைக்கவும் வளர்க்கவும்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் முருங்கைக்காயும் காய்லான் என்னும் சீனக் கீரையும் அக்கம்பக்கத்தில் கிடக்கும். முருங்கைக்காயை எடுக்க நம்மில் யாரும் யோசிப்பதில்லை. பக்கத்தில் கட்டுக்கட்டாக அடுக்கியிருக்கும் நாலைந்து வகைப் பச்சையைப் பார்த்தால் மட்டும் கை தயங்குகிறது. எது எந்தக் கீரை, தண்டைச் சேர்ப்பதா எறிவதா, பருப்போடு சேருமா என்று எதுவும் தெரிவதில்லை. நீலகிரியிலிருந்து பாக் சோயும் சீன முட்டைக்கோஸும் வந்து இறங்கும் சென்னை, கோவைக் கடைகளிலும் இதே தயக்கம்தான்.

பெயர்ச்சீட்டைப் படித்தால் குழப்பம் கூடும். ‘சோய்’ என்பது காண்டனீஸ் மொழியில் கீரைக்கும் காய்க்கும் பொதுவான சொல். பாக் சோய் என்றால் வெள்ளைக் கீரை. சோய் சம் என்றால் கீரையின் நெஞ்சு, அதாவது குருத்து. பாக் சோய் என்று எழுதும் அதே இரண்டு எழுத்துகளை மாண்டரினில் ‘பாய் சாய்’ என்று படிப்பார்கள். ஆனால் வட சீனாவில் அந்தப் பெயருக்குப் பொருள் நீளமாகச் சுருண்ட சீன முட்டைக்கோஸ். சிங்கப்பூரில் சோய் சம்முக்கு ‘சாய் சிம்’ என்று பெயர். மலேசியாவில் ‘சாவி’ என்று கேட்டால் அதுவும் கிடைக்கும், வேறு கடுகுக் கீரையும் கிடைக்கும். மேலைநாட்டுக் கடைகளில் சீன முட்டைக்கோஸுக்கு ‘நாப்பா’ என்று சீட்டு ஒட்டுகிறார்கள். ஜப்பானில் அந்தச் சொல்லுக்கு இலைக்கீரை என்பதைத் தாண்டிப் பொருள் இல்லை.

அதனால் பெயர்களை மனப்பாடம் செய்வதால் பெரிய பயன் கிடையாது. அந்தச் செடி எந்தக் குடும்பம் என்று பாருங்கள். குடும்பம் தெரிந்துவிட்டால் தண்டை எவ்வளவு நேரம் வேக விடுவது, எதைப் பச்சையாகத் தின்னக் கூடாது, எந்தப் பட்டத்தில் விதைப்பது, எந்தப் பூச்சி வரும் என்பதெல்லாம் பெரும்பாலும் கூடவே தெரிந்துவிடும். அந்தக் குடும்பத்தில் நமக்கு முன்பே பழக்கமான ஒரு செடி அனேகமாக இருக்கும்.

பல நேரம் அந்தச் செடியே நம் வீட்டுச் செடியாக இருக்கும். சீனக் கடையில் ‘டுங் குவா’ என்று துண்டு போட்டு விற்பது நம் நீற்றுப்பூசணி. மோர்க்குழம்பில் போடும், வாசலில் திருஷ்டிக்குக் கட்டும் அதே காய். பக்கத்தில் ரோமத்தோடு கையளவு நீளத்தில் கிடக்கும் பச்சைக்காயும் அதே இனத்தில் பிஞ்சிலேயே பறிக்கும் ஒரு வகைதான். தோலைச் சீவிவிட்டுச் சுரைக்காயைப் போலச் சமைக்கலாம். ‘பாயம்’ என்பது தண்டுக்கீரை, முளைக்கீரை வகை. தடித்த இலையோடு வழவழப்பாக இருக்கும் ‘சான் சோய்’ நம் கொடிப்பசலை. முழ நீளப் பச்சைப் பயற்றை யாழ்ப்பாணத்தில் பயற்றங்காய் என்பார்கள், தமிழ்நாட்டில் காராமணிக்காய் என்பார்கள். சீனப் பாகற்காய் மட்டும் கொஞ்சம் வேறு. வெளிர்பச்சை நிறம், முள் இல்லாத மழுங்கிய வரிகள், தடித்த சதை, குறைந்த கசப்பு. இவற்றுக்கெல்லாம் புதிய சமையல் தேவையில்லை.

உண்மையிலேயே புதியவை என்று சொல்லத்தக்கவற்றில் பெரும்பங்கு கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதை விரிவாகவே பார்க்க வேண்டும்.

கடுகின் உறவுகள்

பாக் சோய், சோய் சம், சீன முட்டைக்கோஸ், ஜப்பானிய மிசுனா நான்கும் தாவரவியலில் ஒரே இனம், பிராசிகா ராப்பா. டர்னிப் கிழங்கும் அதே இனம்தான். காய்லான் பார்வைக்கு இவற்றின் உடன்பிறப்பு போலத் தெரிந்தாலும் அது பிராசிகா ஒலரேசியா. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல், புரோக்கோலி எல்லாம் அந்த இனத்துக்குள் அடக்கம். அகன்ற தண்டும் சுருண்ட இலையுமாக ‘காய் சோய்’ என்று விற்கும் கடுகுக்கீரை மூன்றாவது இனம், பிராசிகா ஜன்சியா. நம் அஞ்சறைப்பெட்டிக் கடுகைத் தரும் செடியும் இதுதான். கருங்கடுகு இனமும் ராப்பாவும் கலந்து இந்த மூன்றாவது இனம் பிறந்தது என்பதை நாகஹாரு யூ என்ற தாவரவியலாளர் 1935-இல் குரோமோசோம் கணக்கோடு விளக்கினார். ராப்பாவுக்கு 10 ஜோடி, கருங்கடுகுக்கு 8 ஜோடி, ஜன்சியாவுக்கு 18 ஜோடி.

கடையில் பூவைப் பார்த்தால் போதும். சோய் சம் பூ மஞ்சள். காய்லான் பூ பெரும்பாலும் வெள்ளை, இலையில் சாம்பல் பூத்த நீலப்பச்சை இருக்கும், தொட்டால் மெழுகு போல இருக்கும். பாக் சோய்க்குப் பூத்தண்டே இருக்கக் கூடாது. இருந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம். சோய் சம்மில் இரண்டொரு பூ விரிந்திருந்தால் குற்றமில்லை, அது பூத்தண்டுக்காகவே வளர்க்கப்படும் கீரை. காய்லானில் மொட்டுகள் மூடியிருப்பதே நல்லது. தண்டின் வெட்டுவாயைத் திருப்பிப் பாருங்கள். பச்சையாக, ஈரமாக இருந்தால் இளசு. நடுவில் வெள்ளையாகப் பஞ்சு கட்டியிருந்தால் எவ்வளவு வேகவைத்தாலும் நார்தான். நகம் சிரமமில்லாமல் இறங்க வேண்டும்.

வாங்கிவந்ததும் கழுவி வைக்காதீர்கள். ஈரத்தோடு வைத்தால் இரண்டே நாளில் அழுகும். செய்தித்தாளில் சுற்றி, பையில் போட்டுக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். பழுத்த வாழைப்பழத்தின் பக்கத்தில் வைத்தால் அதிலிருந்து வரும் எத்திலீன் வாயுவால் இலை சீக்கிரம் மஞ்சளாகும். சமைக்கும் முன் பாக் சோயின் அடிப்பகுதியை வெட்டி மடல்களைத் தனித்தனியாகப் பிரியுங்கள். மடல் சேரும் இடத்தில்தான் மண் தங்கும். மேலே தண்ணீரை ஊற்றிக் கழுவினால் அது போகாது. அகன்ற பாத்திரத்தில் முக்கி அலசி, கீரையை மேலே எடுத்துவிட்டுத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். இரண்டு முறையாவது இப்படிச் செய்யுங்கள்.

இந்தக் குடும்பத்தின் காரத்தையும் கசப்பையும் புரிந்துகொள்ள நம் தாளிப்பே போதும். கடுகைச் சூடான எண்ணெயில் பொரித்தால் காரம் இல்லை. பச்சைக் கடுகைத் தண்ணீர் விட்டு அரைத்தால் மூக்கில் ஏறுகிறது. திசு உடையும்போது ஒரு நொதி, கந்தகம் கலந்த சேர்மத்தைப் பிரித்துக் காரத்தை உண்டாக்குகிறது. சூடு பட்டால் அந்த நொதி செயலிழந்துவிடும். காய் சோயைப் பொடியாக நறுக்கி அரைமணி நேரம் வைத்துவிட்டுச் சமைத்தால் காரம் தூக்கலாக இருப்பதும், பெரிய துண்டுகளாகக் கொதிநீரில் போட்டால் அடங்கிப்போவதும் இதனால்தான். குழந்தைகளுக்குச் சமைப்பதென்றால் காய் சோயைக் கொதிநீரில் 1 நிமிடம் முக்கி எடுத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, பிறகு வதக்குங்கள்.

காய்லானுக்குக் காண்டனீஸ் வீடுகளில் செய்யும் முறையே சிறந்தது. 2 லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு 1 மேசைக்கரண்டி உப்பும் 1 தேக்கரண்டி எண்ணெயும் சேர்க்க வேண்டும். தண்டின் அடித்தோலைச் சீவி, தடியாக இருந்தால் நீளவாக்கில் பிளந்து, தண்டை மட்டும் முதலில் போட்டு 1 நிமிடம். பிறகு இலையையும் போட்டு 40 நொடி. வடித்து, தட்டில் பரப்பி, சிப்பி சாஸோ பூண்டு பொரித்த எண்ணெயும் சோயா சாஸும் கலந்ததோ மேலே ஊற்றுவார்கள். மூடிபோட்டு வேகவைத்தால் பச்சை நிறம் மங்கிக் காக்கியாகும். கீரையிலிருந்து ஆவியோடு வெளியேற வேண்டிய அமிலங்கள் மூடியில் பட்டுத் திரும்ப விழுந்து, இலைப் பச்சையத்திலுள்ள மக்னீசியத்தை வெளியேற்றிவிடுகின்றன. கீரையை மூடாமல் வேகவை என்று நம் வீடுகளில் சொல்வது வெறும் பழக்கம் அல்ல. நிறத்துக்காகச் சமையல் சோடா போடுவோரும் உண்டு. நிறம் நிற்கும், ஆனால் தண்டு கூழாகும். வேண்டாம்.

நம் சமையலுக்குள் இவை எளிதாக வந்துவிடும். சோய் சம் கூட்டுக்கு 250 கிராம் கீரையும் 75 கிராம் பாசிப்பருப்பும் போதும். பருப்பைத் தனியே மலர வேகவைத்து, அதில் ஒரு அங்குலமாக நறுக்கிய தண்டைப் போட்டு 2 நிமிடம், பிறகு இலையைப் போட்டு 1 நிமிடம். 3 மேசைக்கரண்டி தேங்காய், அரைத் தேக்கரண்டி சீரகம், 2 பச்சை மிளகாய் அரைத்துச் சேர்த்து ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடுங்கள். முருங்கைக்கீரைக்கு விடும் நேரத்தை இதற்கு விட்டால் இலை கரைந்துபோகும். காய்லான் தண்டைப் பொடியாக நறுக்கினால் முட்டைக்கோஸ் பொரியலின் பக்குவத்தில் அருமையாக வரும், நூக்கலின் இனிப்பு இருக்கும். புளி சேர்க்கும் குழம்பென்றால் கீரை வெந்த பிறகே புளியை ஊற்றுங்கள். முதலிலேயே ஊற்றினால் நிறமும் கெடும், தண்டும் வேக மறுக்கும்.

சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு ஒரு செய்தி. பாலக்கீரை, தண்டுக்கீரை வகைகளில் ஆக்சலேட் மிக அதிகம். பாக் சோய், காய்லான் போன்ற கடுகுக் குடும்பக் கீரைகளில் அது மிகக் குறைவு. அதனால் இவற்றிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் உடம்பில் நன்றாகச் சேர்கிறது.

வள்ளை என்னும் காங்கோங்

மலேசியாவில் கங்குங், இலங்கையில் கங்குன், தாய்லாந்தில் பக் புங், வியட்நாமில் ராவ் முவோங், சீனத்தில் ‘கொங் சின் சாய்’. கடைசிப் பெயருக்கு உள்ளீடற்ற நெஞ்சுடைய கீரை என்று பொருள். தண்டை ஒடித்துப் பார்த்தால் குழலாக இருக்கும். இவ்வளவு பெயர் கொண்ட இந்தக் கீரைக்குத் தமிழில் வள்ளை என்று பெயர், சங்கப் பாடல்களில் நீர்நிலைக் கொடியாக வருவது இதுவே. தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலோர் இதைக் குளத்தில் மண்டும் களையாக மட்டும் பார்ப்பது வருத்தம் தரும் விஷயம். சர்க்கரைவள்ளிக்கிழங்கும் இதே பேரினம். அந்தக் கிழங்குக் கொடியின் இளந்தளிரும் தைவானிலும் பிலிப்பைன்ஸிலும் அன்றாடக் கீரை. ஒன்றைச் சமைக்கத் தெரிந்தால் மற்றதையும் அப்படியே சமைக்கலாம்.

இரண்டு வகை கிடைக்கும். மூங்கில் இலை போல் ஒடுங்கிய இலை கொண்டது மேட்டு நிலத்தில் வளர்வது. அம்புமுனை போல அகன்ற இலையும் வெளிர்ந்த தடித்தண்டும் கொண்டது நீரில் வளர்வது. எதுவானாலும் பச்சையாகத் தின்ன வேண்டாம். ஆசியாவின் சில பகுதிகளில் நீர்த்தாவரங்களின்மேல் பெரிய குடற்புழு ஒன்றின் நுண்கூடுகள் ஒட்டியிருக்கும். அது சூட்டில் சாகும், கழுவினால் போகாது. சாக்கடை கலந்த ஏரியில் வளர்ந்த வள்ளை ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்களையும் உறிஞ்சி வைத்திருக்கும். அதைச் சமைத்தும் நீக்க முடியாது. நகரத்து ஏரிக்கரையில் பறித்ததை வாங்காமல், தொட்டியில் வளர்த்துக்கொள்வது மேல்.

மிளகாய் விழுதில் வதக்கும் சம்பல் காங்கோங் வீட்டில் நீர்விட்டுக் குழைந்துபோவதுதான் எல்லோருக்கும் வரும் குறை. கீரையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். வீட்டு அடுப்பின் சூட்டில் அரைக்கிலோவை ஒரேயடியாகக் கொட்டினால் வாணலி குளிர்ந்து, கீரை தன் நீரிலேயே அவிகிறது. அதனால் ஒரு தடவைக்கு 250 கிராமுக்கு மேல் போடாதீர்கள். கழுவிய கீரையை நன்றாக உதறி, துணியில் ஒற்றிக்கொள்ளுங்கள். இரும்பு வாணலியை 2, 3 நிமிடம் காயவிட்டு, ஒரு துளி தண்ணீர் தெளித்தால் உடனே சீறி மறைய வேண்டும்.

அந்த அளவுக்கு ஊறவைத்த 5 காய்ந்த மிளகாய், 5 சின்ன வெங்காயம், 3 பல் பூண்டு, சுட்ட பெலாச்சான் 1 தேக்கரண்டி அரைத்துக்கொள்ளுங்கள். பெலாச்சான் என்பது புளிக்கவைத்து இறுகிய கூனி இறால் கட்டி. அதைச் சுடும்போது எழும் வாடையைக் கண்டு பயப்பட வேண்டாம், சமைத்ததும் மணமாக மாறும். 2 மேசைக்கரண்டி எண்ணெயில் விழுதை எண்ணெய் பிரியும்வரை மிதமான தீயில் வதக்கி, தீயை முழுதாக ஏற்றி, தண்டு 1 நிமிடம், இலை 1 நிமிடம். அவ்வளவுதான். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேர்க்க வேண்டும், பெலாச்சானிலேயே உப்பு இருக்கிறது. சைவமென்றால் பெலாச்சானுக்குப் பதில் புளிக்கவைத்த தோஃபு 2 துண்டை மசித்துப் போடலாம். சீனர்கள் அப்படியும் செய்வார்கள்.

சிறகவரை

நான்கு மூலையிலும் சிறகு போல விளிம்பு கொண்ட இந்தக் காய்க்கு மலாயில் கச்சாங் போத்தோல். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஆங்காங்கே வேலிகளில் இருக்கிறது, சந்தைக்குத்தான் அதிகம் வருவதில்லை. காய், இளந்தளிர், பூ, விதை, வேர்க்கிழங்கு ஐந்தையும் உண்ணலாம். முற்றிய விதையில் சோயாவுக்கு நெருங்கிய அளவில் புரதம் உண்டு. 1975-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம் இதை வெப்பமண்டலத்துக்கான புரதப் பயிர் என்று ஓர் அறிக்கையே வெளியிட்டது. ஆனாலும் பெரும்பயிராகவில்லை. பந்தல் கேட்கும், காய்கள் ஒரே நேரத்தில் முற்றாமல் வாரக்கணக்கில் பறிக்க வேண்டியிருக்கும், முற்றிய விதையை வேகவைக்கவும் நேரம் பிடிக்கும். பெரிய வயலுக்கு இவை இடைஞ்சல். வீட்டு வேலிக்கோ தினம் நாலு காய் கிடைப்பதே வசதி.

வாங்கும்போது 15 செ.மீ. அளவில், வளைத்தால் ஒடியும் காயாக எடுங்கள். சிறகின் ஓரம் கறுத்திருந்தால் பறித்து நாளாகிவிட்டது. குறுக்கே அரை செ.மீ. கனத்தில் நறுக்கினால் நட்சத்திரம் போல விழும். தேங்காய்ப் பொரியலுக்கு 4 நிமிடம் போதும். மொறுமொறுப்பு போனால் இந்தக் காயில் ருசிப்பதற்கு ஒன்றுமில்லை. மலாய் வீடுகளில் இளங்காயைப் பச்சையாகவே சம்பலில் தொட்டுத் தின்பார்கள்.

கவனமாகக் கையாள வேண்டியவை

மூங்கில் குருத்தில் சயனைடு தரும் சேர்மம் இருக்கிறது. மரவள்ளிக்கிழங்கைத் திறந்த பாத்திரத்தில் அவித்து நீரை வடிக்கச் சொல்வதன் காரணம்தான் இதற்கும். உறை மடல்களை உரித்து, மெல்லிய வில்லைகளாக்கி, மூடாமல் கொதிக்கவிட்டு, இரண்டு முறையாவது நீரை மாற்றி, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேகவைக்க வேண்டும். கடித்துப் பார்க்கும்போது கசப்பு இருந்தால் இன்னும் வேக வேண்டும். டப்பாவில் வருவது ஏற்கெனவே வெந்தது.

சேம்பின் இலையும் தண்டும் தொண்டையில் அரிப்பது கால்சியம் ஆக்சலேட் ஊசிகளால். அலங்காரச் சேம்புகளும் பார்க்க அப்படியே இருப்பதால், உணவுக்கென்று விற்பதை மட்டும் வாங்கி, முழுதாகக் குழைய வேகவையுங்கள்.

சுரை, பீர்க்கு, வெள்ளரி வகையில் ஒரு காய் கடுமையாகக் கசந்தால் உப்பு, புளி போட்டு ஒப்பேற்றாதீர்கள். குப்பையில் போடுங்கள். அந்தக் குடும்பத்தின் கசப்புநஞ்சு வேகவைத்தாலும் போவதில்லை, வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். கசப்பே இயல்பாக உள்ள பாகற்காய்க்கு இது பொருந்தாது.

தவசிக்கீரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலேசியாவில் இது செக்குர் மானிஸ். அங்கிருந்து வந்த பெயரே நம் நாற்றுப்பண்ணைகளில் ‘செக்குர்மணிஸ்’ ஆகி, பிறகு ‘மல்டி வைட்டமின் கீரை’ என்று விற்பனையாகிறது. கொதிக்கவைத்து முட்டையோடு கிளறிச் சாப்பிடும் நல்ல கீரை. ஆனால் 1990-களின் நடுவில் தைவானில் உடல் எடை குறைக்க இதன் பச்சைச்சாற்றை வாரக்கணக்கில் குடித்த பலருக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் நிரந்தரமாக அடைபட்டன. சத்து என்ற பெயரில் இதைப் பச்சையாக அரைத்துக் குடிக்காதீர்கள். சமைத்து, குடும்பத்தில் மற்றக் கீரைகளோடு மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள்.

வளர்ப்பது

முதலில் வள்ளையை வையுங்கள். தோற்பது அபூர்வம். கடையில் வாங்கிய கட்டிலிருந்து மூன்று நான்கு கணு உள்ள தண்டுகளை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மூழ்கும்படி தண்ணீரில் வைத்தால் 3 முதல் 5 நாளில் வேர் விடும். தண்ணீரைத் தினம் மாற்றுங்கள். விதையென்றால் தோல் கெட்டி, ஓரிரவு ஊறவைத்து 1 செ.மீ. ஆழத்தில் போடுங்கள். 20 செ.மீ. ஆழமுள்ள தொட்டி போதும். அடியில் துளை இல்லாத பிளாஸ்டிக் தொட்டியிலும் வளரும் சில கீரைகளில் இது ஒன்று. 25 செ.மீ. உயரம் வந்ததும், ஏறக்குறைய நாலாவது வாரத்தில், அடியில் இரண்டு கணு விட்டு வெட்டுங்கள். இழுத்துப் பறித்தால் அத்தோடு சரி, கணு விட்டு வெட்டினால் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை தழையும். தண்ணீர் குறைந்தால் தண்டு நாராகும், பூக்கும். குளிர்நாடுகளில் 20 டிகிரிக்குக் கீழே நின்றுவிடும், சூடான சன்னலோரமோ கண்ணாடி அறையோ வேண்டும். அமெரிக்காவில் இது மத்திய அரசின் தீங்குக் களைப் பட்டியலில் இருப்பதால், அங்கே உள்ளவர்கள் தங்கள் மாநில விதியைப் பார்த்துவிட்டுத்தான் வளர்க்க வேண்டும்.

கடுகுக் குடும்பத்துக்குக் காலம் முக்கியம். தமிழ்நாட்டுச் சமவெளியில் ஐப்பசி பிறந்து மழை சற்று ஓய்ந்ததும் விதைக்கத் தொடங்கி மாசிவரை எடுக்கலாம். பங்குனி வெயிலில் விதைத்த பாக் சோய் கைவிரல் நீளத்திலேயே பூத்துவிடும். சோய் சம்முக்குப் பூப்பதே பயன் என்பதால் வெயிலை அதிகம் தாங்கும். சென்னையில் புதிதாகத் தொடங்குகிறவர்கள் பாக் சோயை விட்டுவிட்டு இதிலேயே ஆரம்பிப்பது நல்லது. சீன முட்டைக்கோஸ் 15 முதல் 20 டிகிரி குளிரில்தான் இறுகிச் சுருளும். அதைக் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் கேமரன் மலைக்கும் விட்டுவிடுங்கள். லண்டன், டொராண்டோவில் கணக்கு வேறு. அங்கே வசந்தக் குளிரில் முளைத்த நாற்று, பகல் நீண்டதும் பூத்துவிடுகிறது. ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ விதைத்தால் பகல் சுருங்கும் காலத்தில் இலை பெருக்கும்.

மண்கலவைக்குச் செம்மண், மண்புழு உரம், கோகோபீட் மூன்றும் சமபங்கு. ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு கலந்து, நனைத்து, ஒரு வாரம் ஆறவிட்டு விதையுங்கள். பிண்ணாக்கு மக்கும் சூட்டில் முளை கருகும் என்பதால் அந்த ஒரு வாரத்தைச் சுருக்க வேண்டாம். விதை கடுகளவுதான், அரை செ.மீ. ஆழம், மூன்று முதல் ஐந்து நாளில் முளைக்கும். நாற்று தரையோடு கருகி விழுந்தால் அது நாற்றழுகல். நெருக்கமும் மாலையில் ஊற்றிய அதிகத் தண்ணீரும்தான் காரணம். காலையில் மட்டும் ஊற்றி, 15 செ.மீ. இடைவெளி வரும்படி கலைத்துவிடுங்கள். கலைத்ததைத் தூக்கிப் போடாதீர்கள், ரசத்தில் போடலாம். சோய் சம், பாக் சோய் 35 முதல் 45 நாளிலும் காய்லான் 60 நாளை ஒட்டியும் அறுவடைக்கு வரும். காய்லானில் நடுத்தண்டை வெட்டினால் பக்கக் குருத்துகள் இரண்டு மூன்று முறை கிடைக்கும். 10 நாளுக்கு ஒருமுறை 1 லிட்டர் தண்ணீரில் 30 மில்லி பஞ்சகவ்யா கலந்து தெளிப்பது இவ்வளவு வேகமாக வளரும் கீரைக்குப் போதுமான உணவு.

பூச்சிதான் இதில் உண்மையான சோதனை. இலையில் ஊசியால் குத்தியது போலத் துளைகள் இருந்தால் தத்துவண்டு. சல்லடையாக, மெல்லிய சவ்வு மட்டும் மிஞ்சியிருந்தால் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. குருத்து சுருண்டு பிசுபிசுத்தால் அசுவினி. பூச்சிவலையை விதைத்த அன்றே கட்டுங்கள். இலை வந்து, முட்டையும் இட்ட பிறகு கட்டினால் உள்ளே இருக்கும் புழுவுக்குக் குருவியிடமிருந்து பாதுகாப்புக் கொடுத்ததாகத்தான் ஆகும். வந்துவிட்டால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து 1 லிட்டர் தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். மெழுகுப் பூச்சுள்ள காய்லான் இலையில் சோப்பு இல்லாமல் எதுவும் ஒட்டாது. அதே தொட்டியில் அடுத்த முறையும் கடுகுக் குடும்பத்தையே போடாமல் வள்ளையோ பயறோ மாற்றுங்கள்.

சிறகவரைக்கு ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது சொல்லுக்குச் சொல் பொருந்தும். பகல் சுருங்கினால்தான் அது பூக்கும். சென்னையில் ஜூன் மாதப் பகல் ஏறத்தாழ 12 மணி 50 நிமிடம், டிசம்பரில் 11 மணி 20 நிமிடம். தை மாதம் போட்ட விதையும் நன்றாகத்தான் படரும், ஆனால் பல மாதம் இலையோடு நிற்கும். ஆடியில் போட்டது ஐப்பசி, கார்த்திகையில் பூத்துக் காய்க்கும். லண்டனில் பகல் சுருங்குவதற்குள் குளிர் வந்துவிடுவதால் வெறும் கொடிதான் மிஞ்சும். விதையின் ஒரு பக்கத்தை உப்புத்தாளில் லேசாக உரசி, ஓரிரவு ஊறவைத்து, ஊறாமல் கல்லாக இருப்பவற்றை மீண்டும் உரசுங்கள். 2 மீட்டருக்குக் குறையாத பந்தல் வேண்டும். வேர்முடிச்சுகளில் தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும் செடி இது. மாட்டுச்சாண உரத்தை அள்ளிக் கொட்டினால் இலைதான் பெருகும்.

தவசிக்கீரைக்கு விதை தேட வேண்டாம். பென்சில் கனமுள்ள 20 செ.மீ. முற்றிய குச்சியை அரைநிழலில் ஊன்றினால் பிழைக்கும், இடுப்புயரத்தில் வெட்டி வேலியாக வைத்துக்கொள்ளலாம்.

விதை எடுக்க நினைத்தால் மறுபடியும் குடும்பத்திடம்தான் வர வேண்டும். பாக் சோய், சோய் சம், சீன முட்டைக்கோஸ், டர்னிப் எல்லாம் ஒரே இனம் என்பதால் தேனீக்கள் ஒன்றின் மகரந்தத்தை மற்றதில் சேர்த்துவிடும். ஒரு பட்டத்தில் இந்த நான்கில் ஒன்றை மட்டும் பூக்க விடுங்கள். காய்லான் வேறு இனம், அது பக்கத்தில் பூத்தாலும் பெரும்பாலும் கலக்காது. ராப்பா இனச் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. ஒற்றைச் செடியை விட்டுவைத்தால் காய் பிடிக்காமல் ஏமாற்றும், ஆறு செடிக்குக் குறையாமல் விடுங்கள். அதற்குள் பூச்சிவலையை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தேனீ வராது. காய்கள் வைக்கோல் நிறமானதும், வெடிப்பதற்கு முன், காலை ஈரத்தில் தண்டோடு அறுத்து, காகிதப் பைக்குள் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். பத்து நாளில் பையின் அடியில் விதை உதிர்ந்திருக்கும்.